கிழட்டு ரக்கூன் சொன்னபடி

"பதினாலு தடவை அங்க கூடாரம் போட்டவரு சொல்றாரு. நீ ஒரு தடவையாவது சொந்தமா இடம் பிடிச்சிருக்கியா? பேசாம இரு, ரஸ்ஸல்!"

மடிக்கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள் கோரின். வேலை முடிந்து வந்த ரஸ்ஸல் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தான்.

"மறுபடியும் அந்தக் கிழவரா?"

"ஆமா. கிழட்டு ரக்கூன்."

ஃப்ளோரிடா கேளிக்கைப் பூங்காவின் கூடார முகாமுக்கென்று இணையத்தில் ஒரு ரசிகர் குழு இருக்கிறது. அதில் எல்லோருக்கும் புனைபெயர்தான். கோரின் மட்டும் வெள்ளந்தியாகப் பெயர், ஊர் எல்லாம் போட்டுச் சேர்ந்தவள். அன்றைக்கே அவளுக்குப் பதில் எழுதியவர்தான், ராத்திரியில் முகாம் சாப்பாட்டைத் திருடும் காட்டு விலங்கின் பெயரை வைத்துக்கொண்ட இந்தக் கிழட்டு ரக்கூன். இரண்டு மாதமாக அவர் சொன்னதுதான் அந்த வீட்டில் வேதவாக்கு. ஃப்ரிட்ஜ் கதவு முழுக்க அவருடைய யோசனைகள். தன் கல்யாணத்துக்குக்கூட கோரின் இவ்வளவு மெனக்கெட்டதில்லை.

"நீச்சல்குளத்துப் பக்கம் கேக்காதீங்க, கடைக்கோடியில இடம் கேளுங்க, அங்கதான் முயல் வரும்னாரு. முகாமுக்குள்ள சுத்த கோல்ஃப் வண்டி வாடகைக்கு வேணும்னா காலையில ஏழு மணிக்கு போன் போடணும்னாரு. ஆறு அம்பத்தெட்டுக்கே காத்திருந்து வாங்கிட்டேன். ரொட்டியை வெளியில வைக்காதீங்க, எங்க சொந்தக்காரங்க தூக்கிட்டுப் போயிடுவாங்கன்னு எழுதியிருக்காரு பாரு! மனுஷன் என்னமா யோசிக்கிறாரு!"

"என்னை விட்டுட்டு அவரையே கட்டியிருக்கலாம் நீ."

"முன்னாடியே தெரிஞ்சிருந்தா யோசிச்சிருப்பேன்."

ரஸ்ஸல் சிரித்தான். உடனே முகம் வாடியது. "எல்லாம் சரி. பெய்ஸ்லி வரணுமே?"

அதுதான் விஷயம். பெய்ஸ்லி அவனுக்கும் முதல் மனைவி ரோண்டாவுக்கும் பிறந்தவள். பன்னிரண்டு வயது. அம்மாவோடு டிஃப்டன் என்ற ஊரில் இருக்கிறாள். கோர்ட் தீர்ப்புப்படி இந்த ஆண்டு வசந்த விடுமுறை அப்பாவோடு. பெண்ணோ "வரலை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிடுவதுபோல, கோரினை அவள் "மிஸ் கோரின்" என்றுதான் கூப்பிடுவாள்.

தீர்ப்பைக் காட்டி இழுத்துப் போகலாம். கோரினுக்கு அது பிடிக்கவில்லை. ஒரு தடவையாவது அந்தப் பெண் தானாக வந்து தன்னோடு உட்கார வேண்டும் என்று அவள் மனசு கிடந்து தவித்தது.

"அதையும் அவர்கிட்ட எழுதினேன். என்ன சொல்றாரு கேளு" என்று படித்தாள். "'எல்லாருக்கும் ஒரே மாதிரி டி-ஷர்ட் வாங்கிடாதீங்க. அந்த வயசுக்கு மானமே போயிடும். அவளுக்குன்னு தனியா ஒரு சின்னக் கூடாரம் போடுங்க. மதியானம் இடி இடிக்கும், பயமில்லாத மாதிரி நடிப்பா. கூப்பிடாதீங்க. சீட்டுக்கட்டை எடுத்து மேஜையில போடுங்க, தானா வந்து உக்காருவா.' பேரன் பேத்தி எடுத்தவராத்தான் இருக்கணும்!"

"டி-ஷர்ட் வேண்டாம்னுட்டாரா? அப்ப நல்ல மனுஷன்தான்."

"இன்னும் இருக்கு. 'வா வான்னு கெஞ்சாதீங்க. கோல்ஃப் வண்டிக்கு விளக்கு அலங்காரம் பண்ணணும், எனக்குத் தெரியலைன்னு அவகிட்டயே யோசனை கேளுங்க.'"

கோரின் வண்டியின் படத்தை அனுப்பி அப்படியே கேட்டாள். மூன்று நாள் பதில் இல்லை. நான்காம் நாள் பெய்ஸ்லி எழுதினாள்: "மஞ்சள் விளக்கு வாங்குங்க. நீலம் கண்றாவியா இருக்கும். நானே வந்து கட்டறேன், நீங்க தொடாதீங்க."

கோரின் சமையலறையிலேயே நின்று அழுதுவிட்டாள்.

கிளம்பும் நாளும் வந்தது. ஒருவர் வீட்டு வாசலை மற்றவர் மிதிப்பதில்லை என்பதால், பிள்ளையைக் கைமாற்றுவது எப்போதும் டிஃப்டன் நெடுஞ்சாலை பெட்ரோல் பங்கில்தான். பெய்ஸ்லி தலையணையும் பையுமாக அம்மாவின் காரிலிருந்து இறங்கி வந்தாள். "விளக்குச் சரம் எங்க?" என்று கேட்டுக்கொண்டே பின் இருக்கையில் ஏறினாள்.

கோரின் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு ரோண்டாவின் கார் ஜன்னலுக்குப் போனாள்.

"நல்லா பாத்துக்கறேன், ரோண்டா."

கறுப்புக் கண்ணாடி போட்டிருந்த முகம் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

"ஞாயித்துக்கிழமை ஆறு மணி. லேட் பண்ணாதீங்க."

ஜன்னல் ஏறி மூடிக்கொண்டது.

"மூணு வருஷமா இதே மூஞ்சிதான். மனசுல வெச்சுக்காதே" என்று முணுமுணுத்தபடி ரஸ்ஸல் வண்டியை எடுத்தான்.

கோரின் அதைக் காதில் வாங்கவே இல்லை. பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டிருந்தது.

"மிஸ் கோரின், இன்னைக்கு நெருப்புல மார்ஷ்மெல்லோ மிட்டாய் சுடறது நீங்களா, நானா?"

"நீதான். நான் சுட்டா கரியாயிடும்."

"அப்பாவும் அப்படித்தான்" என்று சிரித்தாள் பெய்ஸ்லி.

வண்டி நெடுஞ்சாலையில் ஏறுவதற்குள் கோரின் கைபேசியை எடுத்தாள். "வந்துட்டா! தானாவே வந்துட்டா. இப்ப சிரிக்கிறா. உங்களை மாதிரி ஒருத்தரை நான் பாத்ததே இல்லை. யாரு எவருன்னு தெரியாத எனக்காக இவ்வளவு பண்ணியிருக்கீங்க. எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலை" என்று கிழட்டு ரக்கூனுக்கு அனுப்பினாள்.

பெட்ரோல் பங்கை விட்டு இன்னும் கிளம்பாமல் நின்றிருந்த காரில் கைபேசி சிணுங்கியது. ரோண்டா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு பதில் தட்டினாள்: "நன்றியெல்லாம் எதுக்கு? பிள்ளை சிரிச்சுக்கிட்டே திரும்பி வந்தா போதும். உங்க வீட்டுக்காரரை மெதுவா ஓட்டச் சொல்லுங்க."