அத்தான் கன்னத்தில் ஒரு கீறல்

இதில் ஒரு வார்த்தை பொய் என்றாலும் மீசையை எடுத்துவிடலாம். எடுப்பதற்குக் கத்தியும் கையுமாய் ஓர் ஆள் இந்தக் கதையிலேயே நிற்கிறார்.

அந்தக் கத்தி இப்போதுதான் அத்தானின் கன்னத்தைக் கீறியிருந்தது. வெள்ளை நுரையில் சிவப்பு படரப் படர, சலூன்காரர் படிகாரத்தைத் தேடினார்.

எல்லாம் அத்தானின் சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்த்த மாத்திரை அட்டையால் வந்தது. மூட்டு வலி மாத்திரை. அதைப் பார்த்த அதிர்ச்சியில்தான் கத்தி வழுக்கியது.

அத்தான், சலூன்காரரின் அக்கா கணவர். அவர் இதயத்தில் இருப்பது செயற்கை வால்வு. அதில் ரத்தம் உறைந்து கட்டினால் ஆளே காலி. கட்டாமலிருக்க ஆயுசுக்கும் ரத்த மாத்திரை. அதோடு இந்த வலி மாத்திரையும் சேர்ந்தால் வயிற்றுக்குள்ளேயே ரத்தம் கொட்டும், ரெண்டும் சேரவே கூடாது என்று டாக்டர் கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொல்லியிருந்தார்.

"அவர் மேல ஒரு கண்ணு வைடா" என்று அக்கா தம்பியிடம் அழுதிருந்தாள்.

அந்த ரத்த மாத்திரையின் மகிமை சலூன்காரருக்குத் தெரியும். போன தடவை கடுகளவு கீறலுக்கே நாலு துண்டு நனைந்தது. பார்த்துக்கொண்டிருந்த வாடிக்கையாளர் ஒருவர், இனி ஷேவிங்கே வேண்டாம் என்று ஓடியவர், இன்றைக்குத் தாடியும் சீடர்களுமாய் இருக்கிறார்.

"அத்தான், இந்த மாத்திரையத் தின்னீங்களா?"

"முட்டி உனக்கா வலிக்குது? உக்காந்தா எந்திரிக்க முடியல மச்சான். உன் நாற்காலி வேற, உக்காந்ததும் இடது கை மரத்துப்போச்சு."

"வலிச்சா டாக்டரக் கேட்டு வேற மாத்திரை வாங்கக் கூடாதா?"

"அவரு வாயத் திறந்தா ஊசிதான் வருது."

சலூன்காரர் படிகாரக் கட்டியைக் கீறலில் வைத்து அழுத்தினார். ஆம்புலன்ஸுக்கு எந்த எண் என்று யோசித்தார்.

மெல்லக் கட்டியை எடுத்தார். ரத்தம் நின்றிருந்தது. துண்டில் ஒரு பொட்டுகூட இல்லை.

போன உயிர் திரும்பி வந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"ஏன் அத்தான், சும்மா பையில வச்சுக்கிட்டு என்னைப் பயமுறுத்தவா? தின்னிருந்தா ரத்தம் இப்படி நிக்குமா?"

கையோடு அக்காவுக்கும் போன் போட்டார். "அக்கா, அத்தான் தங்கம்க்கா! சொன்ன பேச்சைத் தட்டவே இல்ல."

அத்தான் கண்ணாடியில் கன்னத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"ஒரு வாரமாத் தின்னுக்கிட்டுத்தான்டா இருக்கேன். ஆனா டாக்டர் பேச்சை மீறுவேனா? ரெண்டும் சேரக் கூடாதுன்னாரு."

"அப்புறம்?"

"ரத்த மாத்திரைய நிறுத்திட்டேன்."