மருதம்பட்டை வைத்தியம்

“பி.பி. நல்லா இறங்கியிருக்கு. தினமும் நடக்கிறீங்களா?” என்று கேட்டார் இதய மருத்துவர்.

“நடக்க எங்க டாக்டர் நேரம்?” என்றார் அப்பா. “உங்க மாத்திரையோட மருதம்பட்டைக் கஷாயமும் குடிக்கிறேன். வைத்தியர் ஒரு நாளைக்கு உண்டான பட்டைதான் தருவார். வண்டியில கொண்டுவந்தா வீரியம் போயிடுமாம். காலையில அங்க போய்வரவே ஒரு மணி நேரம் ஆகுது. நாளையிலேர்ந்து நாட்டு மருந்துக் கடையில மொத்தமா வாங்கிடப் போறேன்.”

அம்மாவின் முகம் வாடியது. ஈசிஜி எடுக்க அப்பா அடுத்த அறைக்குப் போனதும் குரலைத் தாழ்த்தினாள்.

“நடங்கன்னு சொன்னா கேக்க மாட்டார் டாக்டர். அந்தப் பட்டையை மூட்டையா வாங்கி வைத்தியர்கிட்ட கொடுத்து வெச்சதே நான்தான்.”

மருத்துவர் மருந்துச்சீட்டை இழுத்து, மாத்திரைகளுக்குக் கீழே எழுதினார்: “மருதம்பட்டை. அன்றன்றைக்கு வேண்டியது மட்டும். நோயாளியே நேரில் போய் வாங்கவும்.”