பேனா ஓடிய தூரம்

அவள் சொல்லி முடித்துவிட்டாள்.

பேனா முடிக்கவில்லை.

அவள் சொன்னது இரண்டே வரி. பேனா அதற்குப் பிறகும் ஓடிக்கொண்டிருந்தது. தாளின் ஓரம் வரை போனது, திரும்பி வந்தது, மறுபடியும் போனது.

பார்வை இல்லாதவள் சொல்ல வேண்டும், எதிரே இருப்பவன் எழுத வேண்டும். வாய் அவளுடையது, கை அவனுடையது. பரீட்சையில் விதி அவ்வளவுதான். சத்தமாகச் சொல்கிறவள் என்று அவளை விளையாட்டுச் சாமான் அறையில் உட்கார வைத்திருந்தார்கள். பழைய வலையும் பந்துத் தோலும் நாறும் அறை. மேற்பார்வை மேடம் வராந்தாவில் காற்று வாங்கிக்கொண்டிருந்தார்.

"படிச்சுக் காட்டுங்கண்ணே."

அவன் படித்தான்.

"குடவோலைத் தேர்தலில் கால் வேலி நிலமும் சொந்த வீடும் இல்லாதவன் பெயர் குடத்துக்குள் போகவே போகாது. இதை மக்களாட்சி என்று புகழ எனக்கு மனம் வரவில்லை."

அவள் சொன்னது அப்படியே இருந்தது. ஒரு சொல் கூட மாறவில்லை.

"மிச்சத்தையும் படிங்க."

"மிச்சம் என்ன மிச்சம்? அவ்வளவுதாம்."

"காதுல பூ சுத்தாதீங்கண்ணே. நான் சொன்னது ரெண்டு வரி. உங்க பேனா அரைப் பக்கம் ஓடிருக்கு."

அவன் தாளைத் தன் பக்கம் இழுத்தான்.

பிறகு தாளில் உண்மையாகவே இருந்ததைப் படித்தான். குரல் இறங்கிவிட்டது. உலகிற்கே முன்மாதிரியான மக்களாட்சியாம். அச்சு அசலாகப் பாடப் புத்தகம். அவளுடைய இரண்டு வரியும் அதில் எங்கேயும் இல்லை.

"முன்னால எழுதுன கேள்வியெல்லாம்?"

அதுவும் அப்படித்தான் என்று முனகினான்.

"ஹெச்ஓடி சார்தாம் சொன்னாவ, இசக்கி. 'பாவம்டே அந்தப் பிள்ள, ரெண்டு தடவ போயிட்டு. எப்படியாவது தேத்தி விட்ரு'ன்னு."

அதனால்தான் எம்.ஏ. வரலாறு படிக்கிறவனை அனுப்பியிருக்கிறார்கள்.

பாவம். அந்தச் சொல்லைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். பாடத்தை ஒலிப்பதிவாகத் தாருங்கள் என்று படித்த காலம் முழுக்கத் துறை வாசலில் போய் நின்றவள் அவள். அப்போது ஒருவருக்கும் பாவமாக இல்லை. விடுதித் தோழிகள் வாசிக்க வாசிக்கக் கைப்பேசியில் பதிந்து, கேட்டுக் கேட்டு மண்டையில் ஏற்றிய பாடம் இது. இப்போது வந்துவிட்டார்கள், கரிசனத்தைத் தூக்கிக்கொண்டு!

"எல்லாத்தையும் அடிங்க."

"எல்லாத்தையுமா? வெளாடுதியா? நீ சொன்னத எழுதுனா எவன் மார்க் போடுவான்? இந்தப் பேப்பர் போச்சுன்னா டிகிரி வராது. பி.எட். சீட்டும் போயிரும்."

தெரியும். அவளுக்குத் தெரியாதா? அம்மா காலையிலேயே கோயிலுக்குப் போயிருப்பாள்.

"போனா நான் எழுதிப் போனதா இருக்கும்லா? உங்க மார்க்க வச்சுக்கிட்டு நான் என்னண்ணே செய்ய?"

"நேரம் வேண்டாமா?"

"எனக்குக் கூடுதல் ஒரு மணி நேரம் உண்டு. அத எவரும் பாவம் பாத்துத் தரல. கவர்மெண்டு ஆர்டர். அடிங்க. அழுத்தி அடிங்க."

அவன் அடித்தான். பக்கம் பக்கமாக, ஸ்கேல் வைத்து. கடைசிக் கோடு விழுந்ததும் அவள் கை நீட்டித் தாளை வாங்கிக்கொண்டாள். ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி, பின்புறத்தை விரலால் தடவினாள். கோடுகள் தடித்துத் தட்டுப்பட்டன. ஒரு பக்கத்தில் விரல் நின்றது.

"இங்க ஒரு பத்தி தப்பிச்சிருக்கு."

அதையும் அடித்தான்.

மணி அடித்தது. பக்கத்து அறைகளில் பெஞ்சுகள் இழுபட்டன. சிரிப்பும் செருப்புச் சத்தமும் வராந்தாவில் கலந்து படியிறங்கிப் போயின. மேடம் உள்ளே வந்தார். தாளைப் பார்த்தவருக்குத் திக்கென்றது.

"என்னம்மா இது, எல்லாம் அடிச்சுக் கெடக்கு! அம்புட்டுதானா?"

"இல்ல மேடம். இப்பதான் ஆரம்பிக்கோம்."

மேடம் நாற்காலியை உள்ளே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். முதல் கேள்விக்கு முதல் வரியைச் சொன்னாள்.

பேனா ஓடியது.

அவள் நிறுத்தினாள்.

பேனாவும் நின்றது.