ஒரே ஸ்ட்ரெச்சர்

மூச்சுத்திணறிய கிழவரை மூன்று மாடி தூக்கி இறக்கியதில் என் இடுப்பு விட்டுப்போயிருந்தது. ஆஸ்பத்திரியில் கட்டில் காலியில்லை. எங்கள் ஸ்ட்ரெச்சரிலேயே வராந்தாவில் கிடந்தார். அது இல்லாமல் ஆம்புலன்ஸை எடுக்க முடியாது. போன் அடித்தது. பக்கத்துத் தெருவில் சாரம் சரிந்து கொத்தனார் ஒருவர் விழுந்துவிட்டாராம்.

"பெட் வந்தாத்தான் இவரை மாத்த முடியும்" என்றார் வார்டுக்காரர்.

"அதுவரைக்கும் விழுந்த ஆளு அங்கேயே கெடப்பானா?" என்றார் டிரைவர் மாசிலாமணி.

கிழவர் ஆக்சிஜன் முகமூடியை விலக்கினார். "நான் படுக்காத தரையா? எறக்குங்கப்பா."

அவர் மகள் என் கையைப் பிடித்தாள். பிறகு விட்டுவிட்டு, துப்பட்டாவைத் தரையில் விரித்தாள்.

கொத்தனாரை உயிரோடு கொண்டுவந்தோம். கிழவர் கிடந்த இடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். "பெட் வர்றதுக்குள்ள போயிட்டாரு" என்றார் வார்டுக்காரர். துப்பட்டா ஜன்னல் கம்பியில் கிடந்தது.

அந்தக் கிழவருக்கு நாங்கள் ஒரு கட்டில் கடன்பட்டிருக்கிறோம்.