குழலில் ஒரு பொட்டு

கோப்பெங் செம்பனைத் தோட்டத்து வீட்டு வாசலில் காலை வெயில். காட்டுப்பன்றி விரட்டும் என் துப்பாக்கி மேசைமேல் கிடக்கிறது. பக்கத்தில் இரண்டு டப்பாக்கள்: துருவைக் கரைக்கும் மெல்லிய எண்ணெய், துரு பரவாமல் மூடிவைக்கும் மெழுகு. "தேங்கா எண்ணெயா பூசுனீங்க? பிசின் மாதிரி ஒட்டுது. இது துப்பாக்கியா, தலைமுடியா லா, மச்சான்?" என்று சிரிக்கிறான் மனைவியின் தம்பி தீபன். நாளை உரிமத்தைப் புதுப்பிக்க இதைப் போலீசில் காட்ட வேண்டும். அவன் பிசுக்கைத் துடைக்கத் துடைக்க, குழலின் நடுவில் செம்பழுப்பாய் ஒரு வட்டம் தெரிகிறது. போன ஆயுத பூஜையன்று என் மனைவி புனிதா வைத்த சந்தனப் பொட்டு; அதன் ஈரம் இரும்பைத் தின்றிருக்கிறது. "தேச்சா போயிரும்," என்று எண்ணெயைத் திறக்கிறான். நான் குழலை வெயிலில் சாய்க்கிறேன். வட்டத்துக்குள் மயிரிழைக் கோடுகள், ஒன்றுக்குள் ஒன்றாய்ச் சுழல்கின்றன. அவள் விரல் ரேகை. அவள் இறந்து ஏழு மாதம். இரும்பு ஒரு கோட்டைக்கூடத் தொலைக்கவில்லை. தீபனும் குனிகிறான். தொடப்போன விரலை இழுத்துக்கொள்கிறான். "துருவோட பார்த்தா லைசன்ஸ் தருவானா, மச்சான்?" "தெரியல." அவன் எண்ணெய் டப்பாவை மூடி, மெழுகை என் பக்கம் நகர்த்துகிறான். "அழுத்தாம பூசுங்க. அக்காவுக்கு வலிக்கும்."