மேஸ்திரி விட்டுப் போன சுவர்

ஒத்துக்கொண்ட வேலையை ஒரு மனிதன் சொல்லாமல் கொள்ளாமல் பாதியில் போட்டுவிட்டுப் போனால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

சோரியாங்குப்பத்துச் சுப்பராயலுவுக்கு எரிந்தது. தை பிறந்தால் மகளுக்குக் கல்யாணம். அதற்குள் வீட்டை முடித்துத் தருகிறேன் என்று பத்திரத்தில் கைநாட்டு வைத்தவன் மணவாளன் மேஸ்திரி. மூன்று பக்கச் சுவரை இடுப்பு உயரத்துக்கு எழுப்பினான். நாலாவது பக்கம் கடைக்கால்கூடத் தோண்டவில்லை. ஒருநாள் விடியற்காலையில் கரணையையும் மட்டப்பலகையையும் வண்டியில் போட்டுக்கொண்டு போனவன்தான், அப்புறம் வரவே இல்லை.

தன் சொந்தச் செங்கல்லையும் சுண்ணாம்பையும்கூட அப்படியே குவியலாக விட்டுவிட்டுப் போயிருந்தான். அவ்வளவு திமிர்.

ஒதியம்பட்டில் இருக்கும் அவன் வீட்டுக்கு ஊரிலிருந்து இரண்டு பேர் போய்க் கேட்டார்கள். "சொல்ல வேண்டிய ஆளாண்ட சொல்லிக்கிறேன், போங்க" என்று அனுப்பிவிட்டான். இப்படிப் பேசுகிறவனை என்ன செய்வது?

பக்கத்து மனை தனக்கொடியுடையது. புருஷனை இழந்தவள். மகள் பிரசவத்துக்காக இரண்டு மாதம் பண்டசோழநல்லூரில் தங்கிவிட்டு முந்தாநாள்தான் ஊர் திரும்பியிருந்தாள். வந்து பார்த்தால் தன் மனையோரத்தை அடைத்துக்கொண்டு செங்கல் குவியல். மாட்டை ஓட்டிப்போக வழியில்லை. சுப்பராயலு நடந்ததைச் சொன்னதும் அவளுக்கும் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கல்யாணத்தை வைத்துக்கொண்டு நிற்கிற மனுஷனை இப்படியா ஒருத்தன் நட்டாற்றில் விடுவான்? அக்கம்பக்கத்துச் சாட்சி வேண்டும் என்று அவர் கேட்டதுமே வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

பாகூரில் பத்திரம் எழுதுகிற அரங்கநாதனுக்கு, அந்தப் பக்கத்தை ஆண்ட பிரெஞ்சுக்காரர் சட்டம் தலைகீழ்ப் பாடம். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"மூணு வழி இருக்குது. எட்டு நாள்ல வந்து வேலையத் தொடுன்னு உய்சியே, அதான் கோர்ட்டு அமீனா, அவரு மூலமா நோட்டீசு குடுக்கலாம். வரலன்னா வேற மேஸ்திரிய வெச்சி முடிச்சிக்க உத்தரவு வாங்கி, செலவ அவன் தலையில கட்டலாம். அதுக்கும் மசியலன்னா அவன் வண்டி மாட்ட ஜப்தி பண்ணலாம்."

"மூணும் வேணும்" என்றார் சுப்பராயலு.

அரங்கநாதன் எழுதினார். தனக்கொடி சாட்சிக் கைநாட்டு வைத்தாள். இனிமேல் எந்த ஊரிலும் யாரும் இந்த ஆளை வேலைக்குக் கூப்பிடக் கூடாது, அதையும் சேர்த்து எழுதுங்கள் என்றாள். அதற்குச் சட்டத்தில் இடமில்லை என்று அரங்கநாதன் சொன்னதில் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

மை காயட்டும் என்று காகிதத்தை ஓரமாக வைத்தபடி அவர் மேற்கொண்டு நடக்கப்போவதைச் சொன்னார். கேஸ் பதிவானதும் கோர்ட்டிலிருந்து ஆள் வருவான். வேலை எவ்வளவு முடிந்திருக்கிறது, எவ்வளவு பாக்கி என்று மனையைச் சங்கிலி பிடித்து அளந்து எழுதிக்கொள்வான். மேஸ்திரியையும் அங்கேயே நிற்கவைத்து விசாரிப்பான்.

"அவன எதுக்கு விசாரிக்கணும்?" என்றார் சுப்பராயலு.

"அவன் பக்கத்தக் கேக்காம எப்பிடித் தீர்ப்பு சொல்லுவாங்க?"

சுப்பராயலு எழுந்துகொண்டார். துண்டை உதறித் தோளில் போட்டார். பிறகு அவர் குரலே மாறிவிட்டது.

"வேணாங்க. மாட்ட ஜப்தி பண்ணா அவன் பொண்டாட்டி புள்ளைங்க இன்னா பண்ணும்? நானும் புள்ள பெத்தவன்தான். கிழிச்சிப் போட்டுடுங்க."

அரங்கநாதன் அசந்துபோனார். எழுதிய மை காய்வதற்குள் எதிராளியை மன்னித்த ஆளை இத்தனை வருஷத்தில் அவர் பார்த்ததில்லையாம். தனக்கொடிக்குக் கண் கலங்கிவிட்டது.

சுப்பராயலு வேறு வேலை இருக்கிறது என்று வண்டியை ஓட்டிக்கொண்டு போனார். தனக்கொடி வெற்றிலை வாங்கிக்கொண்டு ஊருக்கு நடந்தாள். ஏரிக்கரையில் எதிரே ஒரு மாட்டுவண்டி வந்தது. ஓட்டி வந்தவனைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. போன வருஷம் ஊர்ச் சாவடிக்குக் கொத்துவேலை செய்த அதே மணவாளன் மேஸ்திரி. நடுவழியில் போய் மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"யோவ், சோறுதான் துன்றியா நீ? இந்நேரம் இந்த மாடு கோர்ட்டு வாசல்ல நின்னிருக்கணும். உம் புள்ளைங்கள நெனச்சி அந்தப் புண்ணியவான் கேஸே வேணாம்னு கிழிச்சிட்டாரு. நேராப் போயி அவரு கால்ல வுழு."

மணவாளன் அவளையே பார்த்தான். கோபித்துக்கொள்ளவில்லை.

"உன்னத் தேடித்தாம்மா உங்க ஊருக்குப் போய்ட்டு வர்றேன். இதோட மூணு வாட்டி ஆச்சி. எப்ப வந்தாலும் வூடு பூட்டிக் கெடக்குது."

"என்னாண்ட உனக்கு இன்னா வேல?"

அவன் கீழே இறங்கி வண்டியிலிருந்த வைக்கோலை விலக்கினான். சாக்கில் சுற்றிய கனமான ஒன்றை மூச்சைப் பிடித்துத் தூக்கி அவள் காலடியில் இறக்கிவைத்தான். சாக்கை அவிழ்த்தான்.

முழ உயரக் கருங்கல். அதன் தலையில், போன பொங்கலன்று தனக்கொடி தன் கையால் பூசிய மஞ்சள் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"உன் மனையோட எல்லைக்கல்லும்மா. நாலாவது சுவர உன் மனைக்குள்ள நாலு முழம் தள்ளி எழுப்பிட்டு, இதக் கடக்கால்ல போட்டு மூடிடச் சொன்னாரு, அந்தப் புண்ணியவான்."