மடங்காத முழங்கால்

மணையில் சம்மணம் கட்டியிருந்த மாப்பிள்ளை, நான் பக்கத்தில் வந்ததும் எழும்பி நின்றுவிட்டார்.

ஐயர் நெய் வார்க்கிற கையை நிறுத்தினார். மேளமும் நின்றது. சம்பூர்ச் சனம் முழுக்க எங்கள் பந்தலுக்குள்தான். என்னை வேண்டாமென்று சொல்லப்போகிறார் என்றே நினைத்தேன்.

"இருந்திருந்து முழங்கால் பிடிச்சுப்போட்டுது. இனி மடங்காது. ஒரு கதிரை தாங்கோ," என்றார்.

முழங்கால் என்ற சொல்லைக் கேட்டதும் அம்மாவின் முகம் வெளுத்துப்போனது.

ஏனென்றால் மடங்காத முழங்கால் என்னுடையது.

மாட்டுப்பட்டியில் உண்ணி கடித்து எனக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் விட்டபிறகு வலது முழங்கால் பனங்காய் போல வீங்கியது. கலியாணத்தன்றும் கூறைச்சேலைக்குள்ளே ஆமணக்கிலை வைத்துக் கட்டித்தான் வந்தேன். மணையில் சம்மணம் கட்டினால் கத்திவிடுவேன். கட்டாமல் நின்றால், நோய்க்காரியை ஏமாற்றிக் கட்டிவைக்கப் பார்த்தார்கள் என்று மாப்பிள்ளை வீட்டார் எழும்பிப் போய்விடுவார்கள். இரண்டில் எது நடந்தாலும் அம்மா தாங்கமாட்டா.

உப்புவெளியில் அப்போது பட்டாளத்து டொக்டர் ஒருவர் கொட்டகை போட்டிருந்தார். காட்டில் காவலிருந்த சிப்பாய்களும் என்னைப் போலவே உண்ணி கடித்து, காய்ச்சல் வந்து, மூட்டு வீங்கிக் கிடந்தார்களாம். என்ன காரணமென்று ஆராயத்தான் அவர் வந்தவர். அவரிடம் வேலை செய்த பொடியன்கள் நீளமான வெள்ளைத் துணியைப் பற்றைகளுக்கு மேலே இழுத்துக்கொண்டு நடப்பார்கள். துணியில் ஏறுகிற உண்ணிகளைப் பொறுக்கி, உயிரோடு போத்தலில் போட்டுக் கொடுப்பார்கள். யுத்தக் கூப்பனுக்கு ஒரு சேலை எடுக்கவே சீவன் போன காலத்தில், உண்ணிக்கு இவ்வளவு துணியா என்று அம்மாவுக்கு வயிறெரிந்தது.

கலியாணப் பேச்சு வருவதற்கு முன்பே அம்மா என்னை அங்கே கூட்டிப்போயிருந்தா. என் பேரைச் சொல்லவில்லை. ஊரையும் மாற்றிச் சொன்னா. குமர்ப்பிள்ளையை ஆம்பிளைகள் பார்க்கக் கூடாதென்று சண்டை பிடித்து, அந்த உண்ணித் துணியிலேயே ஒன்றைக் குறுக்கே கட்டுவித்தா. நான் இந்தப் பக்கம் வாங்குப் பலகையில் படுத்திருந்தேன். கால் மட்டும் அந்தப் பக்கம் போனது.

டொக்டர் முழங்காலில் ஊசி ஏற்றி நீர் எடுத்தார். எடுத்து முடியும்வரை ஒரு கை என் காலைத் தாங்கியிருந்தது. குதிக்காலுக்குக் கீழே இரண்டு விரலைக் கொடுத்து, முட்டையை ஏந்துகிற மாதிரி. காலுக்குரியவளுக்கு நோகக் கூடாதென்று அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கைக்காரர் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. வீட்டுக்கு வந்தபிறகும் நான் அந்தக் கையை நினைத்துக்கொண்டுதான் இருந்தேன். குமர்ப்பிள்ளை நினைக்கிற நினைப்பில்லைதான். என்ன செய்ய, நினைத்தேன்.

பிறகு பேசிவந்த மாப்பிள்ளை குணரத்தினமும் அந்த டொக்டரிடம் உண்ணி பிடிக்கிறவர் என்று தெரிந்தபோது அம்மாவுக்கு வியர்த்துக்கொட்டியது. பிறகு தானே தேறினா. அங்கே எத்தனையோ பேர் வேலை. யாராக இருந்தாலும் கண்டது காலை, முகத்தையா?

என் கணுக்காலில் சின்ன வயதில் கஞ்சி கொட்டிய தழும்பு ஒன்று உண்டு. அது அம்மாவின் நினைப்பில் வரவேயில்லை.

இரவுக் கலியாணமாக இருந்தால் அது ஒருவர் கண்ணிலும் பட்டிராது. துறைமுகம் நிறையப் போர்க்கப்பல் நின்ற காலம். இரவில் விளக்கு வெளியே தெரியக் கூடாது. அதனால் எங்கள் கலியாணத்தைப் பட்டப்பகலில் வைத்தார்கள். நான் மெல்ல மெல்ல நடந்து வந்தபோது மாப்பிள்ளை தலை நிமிராமல் நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அடக்கமான பிள்ளை என்று பெண்டுகள் மெச்சினார்கள்.

ஊர் விதானையார் வீட்டிலிருந்து கதிரை வந்தது. மாப்பிள்ளை உயரத்திலும் பொம்பிளை நிலத்திலும் இருந்து தாலி கட்ட ஏலாதென்று ஐயர் சொல்ல, இரண்டாவது கதிரையும் வந்தது. இப்போது எல்லாக் கலியாணத்திலும் கதிரைதான், அதுவும் ராசா இருக்கிற கதிரை. அன்றைக்கு அது ஊர் காணாத புதினம்.

"உண்ணி பிடிக்கப்போய் முழங்காலைக் குடுத்திட்டு வந்திருக்கிறார்! எங்கட கனகமணிக்கு நொண்டி மாப்பிளை!" என்று சின்னப்போடிச் சித்தப்பா சொல்ல, பந்தல் சிரித்தது.

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். பாவம், இவருக்கும் என் முழங்கால் வருத்தம்தான் என்று நினைத்தேன். நினைத்துவிட்டு, வெட்கமில்லாமல் சந்தோசப்பட்டேன். காலை நீட்டி வசதியாகக் கதிரையில் இருந்தேன்.

தாலி ஏறியது. அம்மி மிதிக்க எழும்பினோம்.

அவர் என் காலடியில் குந்தினார். குதிக்காலுக்குக் கீழே இரண்டு விரலைக் கொடுத்தார். முழங்கால் அசையாமல் என் காலைத் தூக்கி அம்மியில் வைத்தார். அவருடைய பெருவிரல் போய்த் தழும்பின்மேல் நின்றது.

எனக்கு ஒரு பொட்டும் நோகவில்லை.

குனிந்து பார்த்தேன். மடங்காதென்று சொன்ன முழங்கால் நன்றாக மடங்கியிருந்தது.

மேளச் சத்தத்தில் அதை ஒருவரும் கவனிக்கவில்லை. என் கண் நிறைந்துவிட்டது. ஓமப்புகை என்று சொல்லி மாமி துடைத்துவிட்டா.

எழும்பும்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்திருக்கவேண்டும். முழங்காலைப் பிடித்துக்கொண்டு, சம்பூருக்கே கேட்கும்படி, "ஐயோ அம்மா!" என்று முனகினார்.